ஊரி குளறும் வாவியில் ஒரு படகுப் பயணம்

காலை ஐந்தே முக்கால் மணி. மட்டக்களப்பு நகரம் இன்னும் கண்விழிக்கவில்லை. வாவிக்கோ பாதி வேலை முடிந்துவிட்டது. இரவெல்லாம் இறாலுக்கு வலை போட்ட தோணிகள் ஒவ்வொன்றாகக் கரைக்குத் திரும்புகின்றன. வலையை உதறும்போது சிந்தும் கூனிக்காக, சங்கக்கடை வாசலில் நிற்பவர்களைப் போல வெள்ளைக் கொக்குகள் வரிசை கட்டி நிற்கின்றன. வரிசையில் நிற்கும் பொறுமை இல்லாத ஆலாக்கள் தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்துகின்றன. இதே நேரத்தில்தான், கழுத்தில் கமராவும் கையில் தண்ணீர்ப் போத்தலுமாகச் சுற்றுலாப் பயணிகள் படகில் ஏறுகிறார்கள்.

முதல் பத்து நிமிடம் எல்லாப் படகுப் பயணத்தையும் போலத்தான். இயந்திரத்தின் இரைச்சல், முகத்தில் தெறிக்கும் உப்புத்தண்ணீர், ஆளாளுக்கு செல்ஃபி. பிறகு ஒரு கண்டல் திட்டை நெருங்கியதும் படகோட்டி இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கம்பை எடுக்கிறார். "கொஞ்சம் சத்தம் போடாம இரிங்க மனே" என்று அவர் சொல்லும் அந்த இடத்தில்தான் உண்மையான பயணம் தொடங்குகிறது.

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. கடலோடு அதற்கு இரண்டு வாசல்கள்: ஒன்று நகருக்கு அருகே பாலமீன்மடு முகத்துவாரம், மற்றது தெற்கே கல்லாற்றுப் பக்கம். நீளத்துக்கு ஏற்ற ஆழம் இல்லை. பல இடங்களில் இரண்டு மீட்டர்கூட வராது. 'களப்பு' என்ற சொல்லே ஆழமற்ற உவர்நீர்ப் பரப்பைக் குறிப்பதுதான். ஊர் தன் பெயரிலேயே வாவியை வைத்திருக்கிறது.

திசைகூட இங்கே வாவியை வைத்துத்தான். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கிழக்குத் துண்டு எழுவான்கரை. வயலும் குளமும் காடுமாக விரியும் மேற்குப் பக்கம் படுவான்கரை. இரண்டுக்கும் நடுவே ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு ஊர்ப்பெயர் 'பாதை'. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போக வழி கேட்கும் வெளியூர்க்காரரிடம் "பாதையில போங்க" என்றால், அவர் ரோட்டைத் தேடித் திணறுவார். மண்முனையில் 2014இல் பாலம் வந்தபிறகு அங்கே பாதை ஓடவில்லை. கல்லடியில் 1924இல் கட்டிய லேடி மானிங் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப்பாலம் வந்தது. இரும்புச் சட்டம் போட்ட பழைய பாலமோ இன்றும் நிற்கிறது. படகில் அதன் அடியால் போகும்போது எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். உண்மையில் கீழே பார்க்க வேண்டிய இடம் அது. ஏன் என்பது பின்னால் வரும்.

அலகால் தடவிப் பிடிக்கும் மீன்

படகிலிருந்து முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் நீர்க்காகம்தான். மீன்பிடிக் கம்பொன்றின் உச்சியில் இரண்டு இறக்கைகளையும் அகல விரித்தபடி நிற்கும். ஏதோ தவம் என்று நினைத்துப் படமெடுப்பவர்கள் உண்டு. விஷயம் எளிமையானது: வாத்தைப் போல அதன் இறகு தண்ணீரை முழுதாகத் தள்ளாது, நனைந்துவிடும். நனைவதால் மூழ்கி நீந்துவது சுலபம். ஆனால் கரையேறியதும் காயப்போட்டாக வேண்டும்.

சற்றுத் தள்ளிச் சேற்று விளிம்பில் மஞ்சள் மூக்கு நாரை. இளஞ்சிவப்பு இறகு வாலடியில் எட்டிப் பார்க்கும் இந்தப் பறவையைப் பத்து நிமிடமாவது விடாமல் பார்க்க வேண்டும். வளைந்த நீண்ட அலகைப் பாதி திறந்து, கலங்கல் தண்ணீருக்குள் விட்டு, தலையை இடமும் வலமுமாக அரிவாள் வீசுவதுபோல் அசைத்துக்கொண்டே நடக்கும். ஒரு காலால் சேற்றைக் கிளறும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. அலகில் மீன் உரசியதும் கதவு அடைப்பதுபோல் டப்பென்று மூடிக்கொள்ளும். கலங்கிய களப்பில் பார்த்துப் பிடிப்பதைவிடத் தடவிப் பிடிப்பதுதான் லாபம் என்பது இந்த நாரைக்கும் தெரியும், கரப்பைக் கவிழ்த்து அதற்குள் கைவிட்டுத் துழாவும் மீனவருக்கும் தெரியும்.

நத்தை குத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குறைபாடல்ல, நத்தையை ஓட்டிலிருந்து எடுப்பதற்கு வாய்த்த அமைப்பு. கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்து மீனை ஆழமற்ற பக்கம் ஒதுக்கிப் பைபோன்ற கீழலகால் அள்ளும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் இறக்கையடித்து அந்தரத்தில் நின்று, குறிபார்த்து, கல் விழுவதுபோல் விழும். செம்பருந்து மீனவரின் கழிவுக்காகத் தோணிகளைச் சுற்றும். வெண்வயிற்றுக் கடற்கழுகு யாரையும் எதிர்பார்க்காது.

பறவைகளைப் பொறுத்தவரை பயணிகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. வடக்கிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்து, மீசை ஆலா போன்றவை நிறைந்திருப்பது கார்த்திகை முதல் மாசி, பங்குனி வரை. மட்டக்களப்பில் வடகீழ்ப் பருவ மழை கொட்டுவதும் ஏறக்குறைய அதே காலம்தான். ஓட்டல்காரர்கள் "சீசன்" என்று சொல்லும் சித்திரை முதல் புரட்டாதி வரையில் வானம் வெளுத்திருக்கும், கடல் அமைதியாக இருக்கும். ஆனால் அந்த விருந்தாளிகள் ஊர் திரும்பியிருப்பார்கள். இரண்டையும் ஓரளவு காண விரும்புகிறவர் மாசி, பங்குனியில் வருவது நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வற்றத் தொடங்கிய சேற்றுத்திட்டுகளில் பறவைகள் நெருங்கி மேயும்.

இந்த வற்றலும் பெருக்கும் முழுக்க இயற்கையின் கையில் இல்லை. கோடையில் அலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடுகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் ஏறி படுவான்கரை வயல்கள் மூழ்கும்போது, முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள். அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் மீனும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும் என்று மீனவர் தயங்குவார்கள். வெட்டுகிற நாளைப் பொறுத்து வாவியின் உப்பு மாறும், சேறு வெளியே தெரியும் அளவு மாறும், நாரை நிற்கும் இடமும் மாறும். நல்ல படகோட்டி முந்தாநாள் பார்த்த இடத்துக்குப் பயணியைக் கூட்டிப்போக மாட்டார். முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திசையை முடிவு செய்வார்.

முதலையும் தில்லையும்

"முதலை இருக்கா?" என்பது படகில் ஏறியதும் எல்லாரும் கேட்கும் கேள்வி. இருக்கிறது. இலங்கையில் முதலை இரண்டு இனம்: நன்னீரில் வாழும் சதுப்பு முதலை ஒன்று, உவர்நீர் முதலை மற்றது. இரண்டுமே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வாவியோரத்தில் குளிக்கப் போனவரையும் மீன்பிடிக்கப் போனவரையும் முதலை கடித்த செய்தி அவ்வப்போது நாளேடுகளில் வருவதால், அங்குள்ளவர்களுக்கு அது காட்சிப் பொருளல்ல. வெயிலில் வாய் பிளந்து கிடக்கும் முதலையைக் கண்டு, கொட்டாவி என்றோ கோபம் என்றோ பயணிகள் ஊகிப்பார்கள். உடல் சூட்டைத் தணிக்கத்தான் அது வாயைத் திறந்து வைத்திருக்கிறது. இன்னும் பத்தடி கிட்டப் போகச் சொல்லிப் படகோட்டியை நச்சரிப்பது வீண். படகு நெருங்கியதும் அது சத்தமின்றித் தண்ணீருக்குள் வழுகிவிடும். பிறகு யாருக்கும் படம் கிடைக்காது, முதலைக்கு வெயிலும் கிடைக்காது.

கண்டல் காடுகளைப் பயணிகள் பச்சைப் பின்னணியாக மட்டும் பார்த்துவிட்டுப் போவது பரிதாபம். படகை ஒட்டி நிறுத்தி ஒரு கிளையைப் பார்த்தால் போதும். கண்டலின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். கனத்து விழும்போது சேற்றில் குத்திட்டு நின்று வேரூன்றும். சேறு கிடைக்காவிட்டால் மிதந்து வேறு கரை தேடும். அதன் விழுதுக்கால் வேர்களுக்கு இடையில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் பெரிய மீன்களின் வாய்க்குத் தப்பி வளர்கின்றன. கல்லடிச் சந்தையில் கிலோக் கணக்கில் நிறுத்து விற்கும் வாவி நண்டின் குழந்தைப்பருவம் அங்கே கழிந்ததுதான்.

அங்கேயே தில்லை மரமும் நிற்கும். கிளையை ஒடித்தால் வெண்பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அனுபவமுள்ள படகோட்டி கிளையைத் தொட விடமாட்டார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் இதுவேதான். சிதம்பரம் நகருக்குள் அது இப்போது அரிது, பக்கத்துப் பிச்சாவரத்தில் உண்டு.

இந்தக் காடு முழுதாகப் பிழைத்து நிற்கவில்லை. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி மட்டக்களப்பின் மரங்களைச் சாய்த்துப் போட்டது. போர்க்காலத்தில் பாதுகாப்பின் பெயரால் கரையோரக் கண்டல்கள் வெட்டப்பட்டன. இறால் பண்ணைக்காகவும் வெட்டினார்கள், விறகுக்காகவும் வெட்டினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடி போன்ற கரையோர ஊர்கள் அழிந்தன. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் சாய்ந்தது. கண்டலை மீண்டும் நட வேண்டும் என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது அதன் பிறகுதான். படகிலிருந்து பார்த்தால் நட்டதற்கும் தானாக முளைத்ததற்கும் வித்தியாசம் தெரியும்: நட்டவை பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையில் நிற்கும்.

சேறும் தண்ணீரும் சந்திக்கும் ஓரங்களில் கபரக்கொய்யா என்னும் நீருடும்பு நீந்திப் போவதைக் காணலாம். நீர்நாயைக் காண அதிர்ஷ்டம் வேண்டும்.

துடுப்பில் காதை வைத்தால்

இப்போது பாலத்தடிக்கு வரலாம். மட்டக்களப்புக்கு 'மீன்பாடும் தேனாடு' என்று பெயர். அந்தப் பாட்டைக் கேட்க வருகிற பயணிகளில் பெரும்பாலானவர்கள் அதைக் கேட்பதில்லை. அவர்கள் வருவது பகலில், இயந்திரப் படகில்.

இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848இல் மட்டக்களப்புக்கு வந்தபோது, நிலா வெளிச்சத்தில் படகில் போய் அந்த ஓசையைக் கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதம்போல இருந்ததென்றும், ஒற்றை ஓசையாக அல்லாமல் பல சின்னச் சின்ன ஓசைகள் சேர்ந்து எழுந்ததென்றும், படகின் பலகையில் காதை வைத்தபோது அது வலுத்ததென்றும் 1859இல் வெளியான தன் இலங்கை பற்றிய நூலில் எழுதிவைத்தார். எது பாடுகிறது என்று அவர் மீனவர்களைக் கேட்க, அவர்கள் காட்டியது மீனை அல்ல. சங்கு வகையான ஊரியை. அவர்கள் சொன்ன பெயரை ஆங்கிலத்தில் உருக்குலைத்து அவர் பதிந்திருப்பதைத் தமிழுக்குத் திருப்பினால் 'ஊரி குளறுது' என்று வருகிறது. குளறுதல் என்றால் மட்டக்களப்பில் அழுது அரற்றுதல். வெள்ளைக்காரத் துரைக்குச் சங்கீதமாகக் கேட்டது, இரவெல்லாம் வாவியில் கிடந்தவர்களுக்கு அழுகையாகக் கேட்டிருக்கிறது.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' ஆராய்ச்சியில் இந்த வாவியோசைக்கும் இடம் கொடுத்தார். அவர் மனக்கண்ணில் பாடியவர்கள் நீரரமகளிர். 1950களில் அமெரிக்க யேசுசபைத் துறவி லாங் அடிகளார் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அந்த ஓசையைப் பதிவு செய்தார். அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. ஆக, ஓசை உண்டு என்பதில் சந்தேகமில்லை. பாடகர் யார் என்பதில்தான் வழக்கு முடியவில்லை. ஊரி என்பது ஒரு கட்சி, மீன் என்பது மறுகட்சி.

மீன் கட்சிக்கு உலகத்தில் சாட்சி உண்டு. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில், சொசலிட்டோ என்ற இடத்தில் படகு வீடுகளில் குடியிருந்தவர்களை 1980களில் ஒரு இரவு ரீங்காரம் தூங்கவிடவில்லை. ஆலை இயந்திரமோ, கடற்படையின் ரகசிய வேலையோ என்று சந்தேகித்தார்கள். கடைசியில் பிடிபட்டது தேரை மீன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறுமீன். அதன் ஆண், காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசையை அதிவேகமாக அதிரச்செய்து பெண்ணை அழைக்கிறது. மட்டக்களப்பிலும் அப்படி ஒரு காதல் விவகாரம்தானா என்பதை உறுதியாகச் சொல்ல இன்னும் ஆழமான ஆய்வு வேண்டும்.

கேட்கும் முறை ஊரில் எல்லாருக்கும் தெரியும். மழையில்லாத மாதங்களில் பூரணையை ஒட்டிய இரவு, கல்லடிப் பாலத்தை அண்டிய பகுதி, அலையில்லாத தண்ணீர். சவளின், அதாவது துடுப்பின், ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைக்க வேண்டும். மரத்தின் வழியாக ஒலி ஏறி வரும். வெகுநேரம் எதுவுமே கேட்காமலும் போகலாம். இரண்டு மணிநேரத்துக்குள் பறவை, முதலை, பாட்டு எல்லாவற்றையும் காட்டிவிடுவதாக யாராவது சொன்னால், சிரித்துவிட்டு அடுத்த படகைப் பார்ப்பது உத்தமம்.

தோணிக்காரர் கையில்

போர்க்காலத்தில் வாவியில் இரவில் தொழில் செய்வதே தடைகளுக்கும் அச்சத்துக்கும் உட்பட்டதாக இருந்தது. சுற்றுலா என்ற சொல் 2009க்குப் பிறகுதான் இங்கே வேர் பிடித்தது. பாசிக்குடாவில் ஓட்டல்கள் எழுந்தன, வாவியில் படகுச் சவாரி விளம்பரங்கள் வந்தன. கேள்வி, இந்தத் தொழில் யார் கையில் வளரப்போகிறது என்பதுதான்.

ஒரு பதில் பக்கத்திலேயே இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து தெற்கே சுமார் நூறு கிலோமீட்டரில் பொத்துவில் களப்பு. அங்கே ஹிதாயாபுரம் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தினர் இயந்திரமில்லாத தோணியில் பயணிகளை ஏற்றி, இரண்டு மணிநேரம் கண்டல்களுக்கு ஊடே வலித்துக் கூட்டிப்போகிறார்கள். வருமானத்தில் ஒரு பங்கு கண்டல் நடுகைக்குப் போகும் வகையில் ஏற்பாடு. காலையில் வலை போட்டவரே மாலையில் வழிகாட்டி. களப்பு கெட்டால் அவருக்கு இரண்டு சம்பளமும் போகும் என்பதால், காவல்காரரை வேறாகத் தேடவேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் பிச்சாவரத்தில் எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' எடுத்த காலம் தொட்டுப் படகுச் சவாரிக்குப் பெயர் உண்டு. 2022இல் அதற்கு ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலத் தகுதியும் கிடைத்தது. அங்கேயும் குறுகிய கால்வாய்களுக்குள் நுழைவது துடுப்புப் படகுதான். மாறாக ஒடிசாவின் சிலிகா களப்பில், ஐராவதி டால்பினைக் கண்டதும் மோட்டார் படகுகள் விரைந்து வளைத்துக்கொள்வதாக நெடுங்காலமாகப் புகார் உண்டு. இலங்கையில் ராம்சார் பட்டியலில் ஏறிய ஆறு இடங்களில் மட்டக்களப்பு வாவி இல்லை. படகுச் சவாரிக்குப் பேர்போன தெற்கின் மாது கங்கை 2003இலேயே அதில் ஏறிவிட்டது. இவ்வளவு பெரிய வாவிக்கு அந்தத் தகுதி இல்லாமற்போனது ஈரநிலத்தின் குறையல்ல, கேட்டு வாங்காதவர்களின் குறை.

பாதுகாப்பு விஷயத்தில் விளையாட்டே கூடாது. இதே கிழக்கு மாகாணத்தில், கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23 அன்று மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தனர். கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று ஆளளவுக்கு மேல் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். இரண்டுமே நடுக்கடலில் நடந்தவை அல்ல, கரை கண்ணுக்குத் தெரியும் தண்ணீரில் நடந்தவை. ஆழமில்லாத களப்புத்தானே என்று உயிர்காப்பு அங்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கட்டும்: வாவியின் அடி மணல் அல்ல, சேறு. விழுந்தவர் கால் ஊன்றி எழ முடியாது.

ஆகவே போகிறவர்கள் விடியலில் போங்கள், அல்லது வெயில் சாய்ந்தபிறகு போங்கள். ஓட்டல் மேசையில் பதிவு செய்வதற்கு முன்னால் கரைக்குப் போய் தோணிக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பறவை எழும்பிப் பறக்கும் படத்துக்காகக் கைதட்டாதீர்கள். அது அன்றைய மேய்ச்சலைப் பாதியில் விட்டுப் போகிறது. பிளாஸ்டிக் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கம்பூன்றி நகர்த்தும்படி படகோட்டியிடம் கேளுங்கள். அப்படிப் போனால் நேரம் இரட்டிப்பாகும். அந்தக் கூடுதல் நேரத்துக்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.